பனிச்சங்கேணியிலிருந்து ரொறன்ரோ எவ்வளவு தூரம்?

பூமியின் மேற்பரப்பிலுள்ள இரண்டு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரம் வடிவியல் தீர்மானிக்கும் ஓர் எண். பருவத்துக்குப் பருவம் அது மாறுவதில்லை. அத்தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரமோ காற்றின் போக்கு, விமானம் சுமக்கும் எரிபொருள், அரசுகள் திறந்தும் மூடியும் வைக்கும் வான்வெளி, நாடுகளின் கடிகார ஒழுங்கு, விமான நிலையம் வரையான தரைவழி என ஒன்றோடொன்று தொடர்பற்ற பல காரணங்களின் கூட்டுத்தொகை. மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபகுதியில், உப்பாற்றுக் களப்பு கடலைச் சேரும் இடத்தில், மட்டக்களப்பு–திருகோணமலை வீதிப் பாலத்தை ஒட்டி அமைந்துள்ள பனிச்சங்கேணியைத் தொடக்கமாகவும், ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள கனடாவின் ரொறன்ரோவை முடிவாகவும் கொண்டு பார்த்தால், தூரம் என்ற அந்த எளிய எண்ணும் நேரம் என்ற இந்தச் சிக்கலான தொகையும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பது புலப்படும்.

முதலில் தூரம். கோளத்தின் மேற்பரப்பில் உள்ள இரு புள்ளிகளுக்கு இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் அது எந்தக் கோட்டில் படிகிறதோ அதுவே அவற்றுக்கிடையிலான மிகக் குறுகிய வழி. அக்கோட்டை இருபுறமும் நீட்டினால் கோளத்தை இரு சமபாதிகளாகப் பிரிக்கும் வட்டம் கிடைப்பதால், அதனைப் பெருவட்டம் என்பர். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். துருவங்களை இணைக்கும் நெடுங்கோடுகள் ஒவ்வொன்றும் பெருவட்டத்தின் பாதி. ஏனைய அகலக்கோடுகள் அவ்வாறானவை அல்ல என்பதால்தான், ஒரே அகலக்கோட்டில் உள்ள இரண்டு நகரங்களுக்கு இடையேகூட நேர்கிழக்காகவோ நேர்மேற்காகவோ பறப்பது சுற்றுவழியாகிவிடுகிறது.

பனிச்சங்கேணிப் பயணி விமானம் ஏறும் கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம் வடக்கு 7.18 பாகை அகலக்கோட்டிலும் கிழக்கு 79.88 பாகை நெடுங்கோட்டிலும் உள்ளது. ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையம் வடக்கு 43.68 பாகையிலும் மேற்கு 79.63 பாகையிலும் உள்ளது. இந்த நான்கு எண்களைக் கோளத் திரிகோண கணிதத்தின் சூத்திரத்தில் இட்டால், பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது இரு நிலையங்களும் ஏறத்தாழ 126 பாகை விலகியிருப்பது தெரியவரும். பூமியின் சராசரி ஆரை 6,371 கிலோமீற்றர் என்பதால் பெருவட்டத்தின் ஒரு பாகை 111.2 கிலோமீற்றராகிறது, ஆகவே இடைத்தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். பூமியின் எந்த இரு புள்ளிகளும் 20,000 கிலோமீற்றருக்கு மேல் விலகியிருக்க முடியாது என்பதை நோக்கினால், இது சாத்தியமான மிகப் பெரிய தூரத்தில் பத்தில் ஏழு பங்கு.

நெடுங்கோட்டு எண்கள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, ஒன்று கிழக்கிலும் மற்றது மேற்கிலுமாக அமைந்திருப்பது தற்செயலே ஆயினும், அதன் விளைவு கவனிக்கத்தக்கது. இரு நிலையங்களுக்கும் இடையே ஏறத்தாழ 160 பாகை நெடுங்கோட்டு வேறுபாடு உள்ளது. இது 180 பாகையாக இருந்திருப்பின் குறுகிய வழி வடதுருவத்தின் மேலாகவே சென்றிருக்கும். இப்போதும் அது வடக்கையே நாடுகிறது. கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் அக்கோடு, நேர்வடக்கிலிருந்து 18 பாகை மட்டுமே மேற்குப் பக்கம் சாய்ந்து, மேற்கு இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், கஸகஸ்தான், உரல் மலைப்பகுதி ஆகியவற்றின் மேலாக ஏறி, வெண்கடற் கரையிலுள்ள ரஷ்யத் துறைமுகமான ஆர்க்காங்கெல்ஸ்க்குக்கு அருகே கடந்து, நோர்வேயின் வடபகுதியைத் தொட்டு, வடக்கு 72 பாகையில் யான் மாயென் தீவை அண்டி உச்சத்தை அடைகிறது. பின்னர் கிரீன்லாந்தின் பனிக்கவசத்தைக் குறுக்கறுத்து, கியூபெக் மாகாணத்தின் வழியே தெற்கு நோக்கி இறங்குகிறது. கனடா மேற்கில் உள்ள நாடு என்ற வகுப்பறை நினைவோடு இதனை வாசிப்பவருக்கு இப்பாதை நம்பமுடியாததாகத் தோன்றலாம்.

அந்த நினைவுக்குப் பெரும்பாலும் பொறுப்பு 1569இல் வெளியான மெர்காற்றரின் உலகப்படமும் அதன் வழித்தோன்றல்களும் ஆகும். திசைகாட்டியின் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு செல்லும் கடலோடிக்கு அவ்வழி நேர்கோடாகத் தெரியவேண்டும் என்பதற்காக வரையப்பட்ட அப்படத்தில், துருவத்தை நெருங்கும்தோறும் நிலப்பரப்பு செயற்கையாக விரிந்துபோகிறது. அப்படத்தில் கட்டுநாயக்கவையும் ரொறன்ரோவையும் அளவுகோலால் இணைத்தால், கோடு அரபிக்கடல், செங்கடல், சஹாரா, அத்திலாந்திக் வழியாகச் செல்லும். கண்ணுக்கு நேராகத் தெரியும் அவ்வழியின் உண்மையான நீளம் ஏறத்தாழ 16,100 கிலோமீற்றர், அதாவது கிரீன்லாந்து வழியைவிட 2,000 கிலோமீற்றருக்கும் அதிகம். விமான இருக்கையின் திரையில் வளைந்து தெரியும் கோடுதான் குறுகியது. தட்டைப்படத்தில் நேராகத் தெரிவதே சுற்றுவழி.

இதிலிருந்து பனிச்சங்கேணிக்கே உரிய ஒரு விநோதமும் பிறக்கிறது. ரொறன்ரோவுக்கான திசை ஏறத்தாழ வடக்கு என்பதால், தென்மேற்கே உள்ள கட்டுநாயக்கவைவிடப் பனிச்சங்கேணியே ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ 45 கிலோமீற்றர் அருகில் உள்ளது. கனடா செல்லும் பயணி இரவோடிரவாக வேனில் கட்டுநாயக்கவை அடையும்போது, தான் சேரவேண்டிய ஊரிலிருந்து சற்று விலகியே போயிருக்கிறார்.

இக்கணக்குகள் பூமியைக் குறையற்ற கோளமாகக் கொண்டவை. உண்மையில் நிலநடுக்கோட்டு ஆரை துருவ ஆரையைவிட ஏறத்தாழ 21 கிலோமீற்றர் கூடியது; துல்லியம் வேண்டுவோர் தட்டையான கோளவுருவைக் கொண்டு கணக்கிடுவர், அதனால் விடை சில பத்துக் கிலோமீற்றர் வரை மாறலாம். பூமியின் இந்த உருவத்தை அளந்தறியும் முயற்சியில் தமிழ் நிலத்துக்கும் பங்குண்டு. வில்லியம் லாம்ப்டன் 1802இல் தென்னிந்திய நிலஅளவையின் முதல் அடிக்கோட்டை, ஏழரை மைல் நீளத்துக்கு, சென்னை பரங்கிமலை அருகிலுள்ள சமவெளியில் சங்கிலி கொண்டு அளந்தார். இன்று சென்னை விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் அம்மலையை ஒட்டியே தாழ்கின்றன. அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே விரிந்த அளவை, நெடுங்கோட்டு வில்லின் ஒரு பாகை எவ்வளவு நீளம் என்ற கேள்விக்கும் விடை தேடியது.

பெருவட்ட வழி இருந்தும், கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடிச் சேவை இல்லை. பயணிகள் டுபாய், தோஹா, லண்டன் போன்ற இடைநிலையங்களில் மாறிச் செல்கின்றனர். இது பெரும் சுற்று என்ற பொதுவான எண்ணம் கணக்குக்கு முன் நிற்காது. கட்டுநாயக்க–டுபாய் ஏறத்தாழ 3,290 கிலோமீற்றர், டுபாய்–ரொறன்ரோ ஏறத்தாழ 11,080 கிலோமீற்றர், கூட்டினால் 14,370. லண்டன் வழியாகச் சென்றால் 8,710உம் 5,710உம் சேர்ந்து 14,420. தோஹா வழி 14,490. ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் விலகிய இடைநிலையங்களாயினும், நேர்வழியோடு ஒப்பிடுகையில் கூடும் தூரம் மூன்றரை வீதத்துக்கு உட்பட்டதே. நீண்ட கோட்டிலிருந்து சற்று விலகும்போது பாதை விலகலின் அளவுக்கு நீள்வதில்லை. சிறிய விலகலுக்குச் செலவு மிகமிகச் சிறியது, விலகல் பெரிதாகும்போதுதான் அது வேகமாக வளர்கிறது. வளைகுடா விமான நிறுவனங்கள் கடந்த சில பத்தாண்டுகளில் உலகின் குறுக்குச்சந்தியாக வளர்ந்ததற்கு எண்ணெய்ப் பணத்தைக் காரணம் காட்டுவோர் பலர். இந்த வடிவியலையும் சேர்த்துச் சொன்னால்தான் காரணம் முழுமையாகும்.

நேரடிச் சேவை இல்லாமைக்குத் தூரம் காரணமல்ல. சான்பிரான்சிஸ்கோவுக்கும் பெங்களூருக்கும் இடையிலான தூரமும் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றரே; 2021 ஜனவரியில் ஏர் இந்தியா அதனை, பெண்கள் மட்டுமே கொண்ட விமானிக் குழுவோடு, வடதுருவப் பகுதியின் மேலாக ஏறத்தாழ 17 மணி நேரத்தில் கடந்தது. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு 15,300 கிலோமீற்றர் இடைநில்லாமல் பறக்கும் சேவையும் நடைபெறுகிறது. ஆயினும் இத்தகைய பயணங்களில் எரிபொருளே பெரும் சுமை: இறுதி மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் மணி நேரத்திலிருந்தே தூக்கிச் செல்லவேண்டும், அதைத் தூக்குவதற்கும் எரிபொருள் எரியவேண்டும். மிக நீண்ட பயணத்துக்கான விமானத்தின் புறப்பாட்டு எடையில் ஏறத்தாழ பாதி வரை எரிபொருளாக இருப்பதும், அந்தச் சிங்கப்பூர் விமானத்தில் 161 இருக்கைகள் மட்டுமே இருப்பதும், அவற்றில் சாதாரண வகுப்பு இருக்கை ஒன்றுகூட இல்லாததும் இதனாலேயே. சாதாரண வகுப்பில் குடும்பத்தோடு ஊருக்கு வந்துபோகும் மக்களை நம்பி அப்படியொரு சேவையை எந்த நிறுவனமும் தொடங்கப்போவதில்லை.

எரிபொருளின் இந்தக் கொடுமையை இலங்கையின் ஒரு களப்பு முன்பே கண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றி அவுஸ்திரேலியாவுக்கான வான்வழியை அறுத்தபின், 1943இல் குவாண்டாஸ் நிறுவனம் கற்றலினா எனும் நீர்விமானங்களைக் கொண்டு பேர்த் நகருக்கும் தென்னிலங்கையின் கொக்கலைக் களப்புக்கும் இடையே இரகசியச் சேவையொன்றை நடத்தத் தொடங்கியது. ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர் தூரத்தை அவை நிற்காமல் கடந்தன. எரிபொருளுக்கு இடம் விடுவதற்காக மூன்று பயணிகளும் சிறிதளவு தபாலும் மட்டுமே ஏற்றப்பட்டன. எதிரி அறியாதிருக்க வானொலியை மௌனமாக வைத்து, விண்மீன்களைப் பார்த்து வழி கண்டு, 27 முதல் 32 மணி நேரம் வரை வானில் இருந்த அப்பயணிகள் ஒரே பறப்பில் இரு சூரிய உதயங்களைக் கண்டனர். இன்றைய ஜெட் விமானம் அத்தூரத்தை ஏழு மணி நேரத்தில் கடந்துவிடும். ஆனால் அந்த ஏழு மணி என்ற கணக்கு காற்றில்லாத வானத்துக்கு மட்டுமே பொருந்தும்.

பயணிகள் விமானம் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிடுகையில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகில் எழுந்து இரண்டு மணி நேரத்துக்குள், பனிச்சங்கேணியை உள்ளடக்கிய வாகரைக் கரையை அடைந்த ஆழிப்பேரலையும் ஆழ்கடலில் இதற்குச் சற்றே குறைந்த வேகத்திலேயே வந்தது என்பதைக் கிழக்கிலங்கையருக்கு நினைவூட்டவேண்டியதில்லை. பறக்கும் விமானத்தின் கீழே பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கு நோக்கிய பயணம் விரைவாக முடியவேண்டும் என்று சிலர் வாதிடுவதுண்டு. நிலநடுக்கோட்டில் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீற்றராக இருக்கும் அச்சுழற்சியில் வளிமண்டலமும் சேர்ந்தே சுழல்வதால் அவ்வாதம் செல்லாது; நடைமுறையில் கிழக்கு நோக்கிய பயணமே பெரும்பாலும் விரைவானது. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு அழுத்த வேறுபாடாகி, அது பூமியின் சுழற்சியால் திசைதிருப்பப்பட்டு, 9 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் குறுகிய, வேகமிக்க காற்றாறாக உருவெடுக்கிறது. தாரைக்காற்று எனப்படும் இதன் வேகம் மணிக்கு 100 கிலோமீற்றரிலிருந்து சில வேளைகளில் 300 கிலோமீற்றருக்கு மேலும் செல்லும். ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓயிஷி 1920களில் பலூன்களை விட்டு இக்காற்றை அளந்தார். உலகம் முழுதும் அறியவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அவர் தம் முடிவுகளை எஸ்பராந்தோ மொழியில் வெளியிட்டதால், உலகம் அவற்றைக் கவனிக்காமலே விட்டது. போர்க்கால விமானிகள் எதிர்க்காற்றில் சிக்கித் திணறிய பின்னரே இக்காற்றின் அருமை பரவலாக உணரப்பட்டது. 1952இல் பான் அமெரிக்கன் விமானமொன்று அதன் துணையோடு டோக்கியோ–ஹொனலுலு பயணத்தைப் 18 மணி நேரத்திலிருந்து பதினொன்றரை மணி நேரமாகச் சுருக்கியது.

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். லண்டன்–ரொறன்ரோ 5,700 கிலோமீற்றர் தூரம் முழுதும் மணிக்கு 100 கிலோமீற்றர் மேல்காற்று வீசுவதாகக் கொண்டால், மேற்கே செல்லும் விமானத்தின் தரைவேகம் 800 ஆகக் குறைந்து பயணம் 7 மணி 8 நிமிடம் நீளும். கிழக்கே திரும்பும்போது வேகம் 1,000 ஆகி 5 மணி 42 நிமிடத்தில் முடியும். போகும்போது இழந்ததைத் திரும்பும்போது மீட்டுக்கொள்ளலாம் என்று தோன்றினாலும், இரு பயணங்களின் கூட்டுநேரம் 12 மணி 50 நிமிடமாகிறது. காற்றே இல்லாதிருந்தால் அது 12 மணி 40 நிமிடமாகவே இருந்திருக்கும். எதிர்க்காற்றில் விமானம் கூடுதலான நேரம் தங்கியிருப்பதால், எவ்வளவு சமமாக வீசினாலும் காற்று போய்வரும் பயணத்தில் நிகர நட்டத்தையே தரும். டுபாய்–ரொறன்ரோ சேவை மேற்கே ஏறத்தாழ 14 மணி நேரமும் மறுதிசையில் 13 மணி நேரத்துக்குக் குறைவாகவும் எடுப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் நிலைமை வேறு: தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியா, இலங்கை ஆகியவற்றின் உயர்வானத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வெப்பமண்டலத் தாரைக்காற்றொன்று உண்டு என்பதை இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் விளக்கினார்.

ஆகவே விமான நிறுவனங்கள் தேடுவது குறுகிய தூரத்தையல்ல, குறுகிய நேரத்தை. அத்தேடலுக்கு அரசியலும் எல்லை வகுக்கிறது. 1954இல் ஸ்கண்டிநேவிய விமான நிறுவனம் கோப்பன்ஹேகனிலிருந்து மேற்குக் கிரீன்லாந்தில் எரிபொருள் நிரப்பி லொஸ் ஏஞ்சல்ஸ் செல்லும் சேவையைத் தொடங்கியபோது, காந்தத் திசைகாட்டி பயனற்றுப்போகும் அப்பகுதிக்கென சுழல்காட்டிக் கருவிகள் தேவைப்பட்டன. இன்று திசை காண்பதில் சிக்கல் இல்லை. அனுமதி பெறுவதிலேயே சிக்கல். 2022 பெப்ரவரி முதல் கனடிய, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டுள்ளது. 2019இல் பாகிஸ்தான் தன் வான்வெளியை மாதக்கணக்கில் மூடியபோது டெல்லியிலிருந்து ஐரோப்பா செல்லும் விமானங்கள் சுற்றிச் சென்றன. கட்டுநாயக்க–ரொறன்ரோ பெருவட்டம் இவ்விரு வான்வெளிகளையும் ஊடறுக்கிறது.

பயணச்சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரத்துக்கு உரியவை என்பதால், அவற்றை நேரடியாகக் கழித்தால் பயணநேரம் கிடைக்காது. இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முன்னாலும், ரொறன்ரோ குளிர்காலத்தில் 5 மணியும் கோடையில் 4 மணியும் பின்னாலும் உள்ளன. குளிர்காலத்தில் காலை 10 மணிக்குக் கட்டுநாயக்கவிலிருந்து புறப்பட்டு, இடைநிலையத் தங்கலும் சேர்ந்து 22 மணி நேரம் பயணிப்பவர் அதே நாள் இரவு 9.30க்கு ரொறன்ரோவில் இறங்குகிறார். இரவு 10 மணிக்கு அங்கிருந்து புறப்பட்டு அதே 22 மணி நேரம் பயணிப்பவரோ நாள்காட்டியில் இரண்டு நாட்கள் கழித்துக் காலை 6.30க்கு வந்துசேர்கிறார். கடிகாரக் குழப்பத்துக்கு வாகரைப் பகுதி மக்கள் புதியவர்கள் அல்லர். 1996இல் மின்சாரச் சேமிப்புக்காக அரசு முன்நகர்த்திய நேரம், 2006 ஏப்ரலில் பழைய நிலைக்குத் திரும்பும்வரை, அப்பகுதி உட்பட விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் ஏற்கப்படவில்லை. அப்பத்தாண்டின் பெரும்பகுதியில் இரு பகுதிகளின் கடிகாரங்களும் அரை மணி நேரம் முரண்பட்டே ஓடின.

எஞ்சியிருப்பது தரைவழி. பனிச்சங்கேணியிலிருந்து கட்டுநாயக்க வான்வழியில் 200 கிலோமீற்றர்தான். ஆனால் தெற்கே ஓட்டமாவடிப் பக்கம் இறங்கி, பொலனறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகச் செல்லும் வேன் ஆறு, ஏழு மணி நேரம் எடுக்கும். டுபாய் வரையான பறப்புக்கு நான்கரை மணி நேரமே போதும் என்பதோடு ஒப்பிட்டால், பயணத்தின் நூற்றில் இரண்டு பங்குத் தூரம் மொத்த நேரத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை விழுங்கிவிடுவது தெரியும். நேரடி விமானம் வந்தாலும் மிச்சமாவது இடைநிலையத் தங்கலான மூன்று மணி நேரமளவே. பனிச்சங்கேணிக்குத் தெற்கே 50 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில், 2018இல் பொதுமக்கள் சேவைக்குத் திறக்கப்பட்ட மட்டக்களப்பு விமான நிலையம் இருக்கிறது. அதன் ஓடுபாதை பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது, ஆனால் சிறிய உந்துசுழலி விமானத்துக்குத் தாராளம். அத்தகைய விமானம் ஒரு மணி நேரத்துக்குள் கட்டுநாயக்கவை அடைந்துவிடும். இரவுநேர வெளிநாட்டுப் புறப்பாடுகளோடு இணைந்த ஒழுங்கான தினசரிச் சேவையொன்று அங்கிருந்து நடந்தால், கிழக்கிலங்கைப் பயணிக்கு மிச்சமாகும் நேரம் எந்த நேரடி விமானமும் மிச்சப்படுத்தக்கூடியதைவிட அதிகமாக இருக்கும்.